கெக்ல (காஸ் அடைக்கிற உருக்குப் பீப்பாயில) போட்ட இஞ்சி பியருக்கு காஸ் ஏறுதே இல்லை, ஒரு கிழமையா 12 பிஎஸ்ஐ அமுக்கத்தில கிடக்கு

இஞ்சிமுரப்பா (வெள்ளவத்தை)

வணக்கம் எல்லாருக்கும். முதல்லயே சொல்லிப்போடுறன், இது பியர் இல்லை, இஞ்சி பியர், ஈஸ்ட் ஒரு துளி கூடப் போடேல்லை, அதால எக்சைஸ்காரர் வந்து கதவு தட்டப் போறாங்கள் எண்டு ஆரும் பகிடி விட வேண்டாம்.

போன வருசம் அம்மம்மான்ட முறையில ஈஸ்ட் போட்டுத்தான் செய்தனான். வெறும் சாராயப் போத்தல் கழுவி அதுக்குள்ள விட்டு இறுக்கி மூடி குசினி அலுமாரிக்க வச்சன். மூண்டாம் நாள் விடியப்புறம் ரெண்டு மணிக்கு டமார் எண்டு ஒண்டு, பிறகு இன்னொண்டு. கண்ணாடித் துண்டு அரிசி வாளிக்குள்ளயும் விழுந்து கிடந்தது, பத்துக் கிலோ சம்பா அரிசி அப்பிடியே குப்பைக்குப் போனது. அம்மா அந்த அரிசிக்கதையை இண்டைக்கும் வாற போற எல்லாருக்கும் சொல்லுறா.

அதால இந்தமுறை ஈஸ்ட் வேண்டாம், காஸ் அடிச்சே செய்வம் எண்டு முடிவெடுத்து, வெளிநாட்டுக்குத் திரும்பிப் போன ஒருத்தரிட்ட இருந்து 19 லீற்றர் பால் லொக் (ball lock) எண்டுற வகைக் கெக் ஒண்டும், காஸ் அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரும் வாங்கினன். சிலிண்டர் டெபாசிட் கட்டி எடுத்தது, சோடாவுக்கு அடிக்கிற, சாப்பாட்டுத் தரக் காபனீரொட்சைட்டுக் காஸ்தான், கேட்டு உறுதிப்படுத்திப்போட்டன். ஒண்டரைக் கிலோ இஞ்சி (இப்ப விக்கிற விலைக்கு), சீனி, தேசிக்காய், கொஞ்சம் கராம்பு, காய்ச்சி ஆறவிட்டு 17 லீற்றர் கெக்ல விட்டு, சலவை மெஷினுக்குப் பக்கத்தில வச்சு 12 பிஎஸ்ஐ குடுத்தன். ஏன் 12 எண்டா பாக்கிற வீடியோ எல்லாத்திலயும் 10, 12 எண்டுதான் சொல்லுறாங்கள்.

இண்டைக்கு எட்டாம் நாள். திறந்து விட்டா முதல் அரைக் கிளாஸுக்கு நுரை நுரையா வருது, நுரை அடங்கினாப் பிறகு குடிச்சா வெறும் சீனித்தண்ணி, நாக்கில ஒரு சுள்ளெண்டுறது கூட இல்லை. இன்னொண்டு, சிலிண்டர் பக்க மீற்றர் ஊசி முதல்நாள் நிண்ட இடத்திலயே நிக்குது, காஸ் உள்ள போகுதா இல்லையா எண்டே விளங்கேல்லை. பிரஷர் கூட்டவா? எவ்வளவு மட்டும் கூட்டலாம்? இதுவும் வெடிச்சா என்னை வீட்டை விட்டே அனுப்பிப்போடுவினம். வாற மாசம் அக்கான்ட மகளுக்குப் பிறந்தநாள், அதுக்கு வைக்கத்தான் இவ்வளவு பாடும்.

ஸ்காபரோ சித்தப்பா

தம்பி, உம்மட கெக்ல ஒரு பிழையும் இல்லை, உம்மட அறைதான் பிழை.

அந்த வீடியோ போடுறவங்கள் எல்லாற்ற கெக்கும் பிரிட்ஜுக்குள்ள இருக்கும், அதை வாய் திறந்து சொல்லமாட்டாங்கள், ஏனெண்டா அவங்களுக்கு அது சொல்லவேண்டிய விசயமே இல்லை. 12 பிஎஸ்ஐ எண்டுறது 4 டிகிரிக் குளிருக்குரிய கணக்கு. ஓ லெவல் விஞ்ஞானத்தில படிச்சிருப்பீர், சூடு கூடக் கூட தண்ணிக்குள்ள வாயு கரையிறது குறையும். காலிமுகத்திடல்ல வெயிலுக்குள்ள சோடாப் போத்தலைத் திறந்து வச்சுப் பாரும், பத்து நிமிசத்தில செத்துப்போகும்.

நாங்கள் இங்க இதை வொலியூம் எண்டு கணக்குப் பாக்கிறது. ஒரு லீற்றர் பானத்துக்குள்ள எத்தினை லீற்றர் காபனீரொட்சைட்டு கரைஞ்சு நிக்குது எண்டதுதான் அது. சாதாரண பியருக்கு 2.5 காணும். இஞ்சி பியர், சோடா மாதிரிச் சாமானுக்கு 3.5 மட்டில வேணும், இல்லாட்டி சீனியின்ட இனிப்பு முன்னுக்கு வந்து நிக்கும். இப்ப 12 பிஎஸ்ஐயை 4 டிகிரில குடுத்தா 2.5 வரும். அதே 12ஐ வெள்ளவத்தையில 30 டிகிரில குடுத்தா 1.1தான், எத்தினை கிழமை வச்சாலும் அதுக்கு மேல ஏறாது. நீர் எட்டு நாள் இல்லை எட்டு மாசம் வச்சிருந்தாலும் இதே சீனித்தண்ணிதான்.

அப்ப பிரஷரைக் கூட்டினா என்ன எண்டு கேப்பீர். 30 டிகிரில 3.5 வேணுமெண்டா 60 பிஎஸ்ஐ மட்டில குடுக்கவேணும். கெக் தாங்கும், பால் லொக் கெக் கனக்கத்தில 130 பிஎஸ்ஐ எண்டு மேல அடிச்சிருப்பாங்கள், உம்மடதில என்ன போட்டிருக்கெண்டு பாரும். ஆனா உம்மட ரெகுலேட்டர், ட்யூப், கிளிப் எல்லாம் அதைத் தாங்குமா எண்டு எனக்குத் தெரியாது, தாங்கினாலும் சூடாக் கிடக்கிற பானத்தைக் கிளாஸுக்குள்ள விட்ட உடன காஸ் முழுக்க நுரையாப் போயிடும். இப்ப உமக்கு நடக்கிறதும் அதுதான், கரைஞ்ச கொஞ்சநஞ்சமும் டப்பை (ஊத்துற பைப்பை) திறக்கேக்க ஓடிப்போகுது.

அதால இந்தச் சூட்டில பிரஷரைக் கூட்டாதையும். கெக்கைக் குளிருக்குள்ள வையும். 4 டிகிரில 22 பிஎஸ்ஐ குடுத்துப்போட்டு பத்து நாள், ரெண்டு கிழமை மறந்துபோம், 3.5 தானா வந்து நிக்கும். நான் பேஸ்மென்டில ஆறு வருசமா பியர் காய்ச்சிறன், இங்க கனடாவில வீட்டுப் பாவனைக்குக் காய்ச்சத் தடையில்லை, முதல் மூண்டு கெக்கும் நானும் உம்மைப் போலத்தான் பழுதாக்கினன். இங்க பனிக்காலத்தில கராஜுக்குள்ள வச்சாலே காணும் எண்டது வேற கதை.

கொட்டாஞ்சேனை கூலிங்மேன்

தம்பி, மேல அண்ணன் சொன்னது சரி. நான் ஹோட்டல் பார்ல டிராப்ட் பியர் லைன் பாத்துக்கிட்டு இருந்தவன், இப்ப சொந்தமா பிரிட்ஜ் ஏசி வேலை. அந்த மீற்றர் விசயத்த யாரும் சொல்லல்ல, அத நான் சொல்றேன்.

சிலிண்டர் பக்க ஊசி அசையாம இருக்கிறது நல்லதுதான், பயப்படாதீங்க. சிலிண்டருக்குள்ள இருக்கிறது முழுக்க காஸ் இல்ல, அடியில திரவமா நிக்குது. மேல காஸ் எடுக்க எடுக்க கீழ இருக்கிற திரவம் கொதிச்சி காஸா மாறி அந்த இடத்த நிரப்பும், அதனால கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரைக்கும் ஊசி அதே இடத்துலதான் நிக்கும், நம்ம ஊர் சூட்டுக்கு ஆயிரம் பிஎஸ்ஐக்குக் கிட்ட காட்டும். திரவம் முடிஞ்சதும் கடகடன்னு விழும், அப்ப பாத்து கடைக்கு ஓடினா பார்ட்டி முடிஞ்சிடும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியணும்னா ஒரே வழி தராசு. சிலிண்டர் கழுத்துல வெறும் எடை அடிச்சிருப்பாங்க, நிறுத்து அதக் கழிச்சிப் பாருங்க. 17 லீற்றருக்கு 3.5 வொலியூம் ஏத்த 120 கிராம் மாதிரிதான் போகும், மேல வெறும் இடத்துக்கும் ஊத்துறதுக்கும் இன்னும் கொஞ்சம். ரெண்டு கிலோ சிலிண்டர்னா எத்தன கெக் வரும்னு நீங்களே பாத்துக்கங்க. ஒரு கெக்குக்கே அரைக்கிலோ குறைஞ்சிருந்தா எங்கயோ லீக்.

லீக் பாக்க சவர்க்காரத் தண்ணி போதும். பாத்திரம் கழுவுற லிக்விட்ட தண்ணியில கலக்கி ஒரு பழைய பிரஷ்ஷால மூடி விளிம்பு, ரெண்டு போஸ்ட் (ட்யூப் மாட்டுற முனை), ரெகுலேட்டர் நட்டுன்னு எல்லாத்துலயும் தடவுங்க, குமிழி வந்தா அங்கதான். இந்தக் கெக் மூடி கீழ இருந்து மேல அமர்ற மாதிரி, உள்ள பிரஷர் இருந்தாத்தான் நல்லா இறுகும், அதனால மூடினதும் முதல்ல ஒரு தடவ 30 பிஎஸ்ஐ அடிச்சி மூடிய அமர வச்சிட்டு அப்புறம் இறக்குங்க. பழைய கெக்னா ஓ-ரிங் (ரப்பர் வளையம்) எல்லாத்தயும் கண்ண மூடிக்கிட்டு மாத்துங்க, ரெண்டாங்கை கெக்னா முன்னாடி என்ன கோலா ஊத்தினாங்களோ அந்த வாசமும் ரப்பர்லதான் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

சிலிண்டர படுக்க வைக்கிறது, சாய்ச்சி வைக்கிறது கூடவே கூடாது, திரவம் ரெகுலேட்டருக்குள்ள போயிடும். நிமித்தி வச்சி ஒரு சங்கிலியால சுவத்தோட கட்டுங்க. வெயில் படுற பால்கனியும் வேணாம். 31 டிகிரிக்கு மேல போனா உள்ள திரவம்னு ஒண்ணே இல்ல, எல்லாம் ஒரே நிலைக்கு வந்திடும், அதுக்கப்புறம் சூடு ஏற ஏற பிரஷரும் ஏறிக்கிட்டே போகும்.

டப்பு லைன் எவ்வளவு நீளம்னு நீங்க சொல்லவே இல்ல. நூத்துக்குத் தொண்ணூறு பேர் ஒரு முழம் ட்யூப் போட்டுட்டு நுரை வருது நுரை வருதுன்னு அழுவாங்க. உள்விட்டம் ஒரு அங்குலத்துல பதினாறுல மூணு, அந்த மெல்லிசு ட்யூப்ல 12 பிஎஸ்ஐக்கே மூணு மீற்றர் வேணும். நீங்க 22ல ஊத்தப் போறீங்கன்னா ஆறு ஏழு மீற்றர் போடுங்க, சுருட்டி கெக் மேலயே வைக்கலாம், ட்யூபும் குளிராகவே இருக்கும்.

தெஹிவளை கமலாக்கா

நீங்கள் ரெண்டு பேரும் காஸைப் பற்றியே கதைக்கிறியள், பிள்ளை கெக்குக்குள்ள என்ன விட்டவன் எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை.

தம்பி, சீனியும் தேசிக்காயும் போட்ட இஞ்சித்தண்ணி எட்டு நாள் 30 டிகிரில, குளிரில்லாமல் கிடந்திருக்கு. நீங்கள் ஈஸ்ட் போடேல்லை, சரி. இஞ்சித் தோல்ல ஈஸ்ட் தானாவே இருக்கு, அம்மம்மாக்கள் அந்தக்காலத்தில ஈஸ்ட் வாங்கியா செய்தவை? காய்ச்சேக்க அது செத்திருக்கும், ஆனா தேசிக்காய்ப்புளி எப்ப விட்டனீங்கள்? ஆறினாப் பிறகு பச்சையாப் பிழிஞ்சு விட்டிருந்தா, கெக்கை சுடுதண்ணியால மட்டும் கழுவியிருந்தா, அதுக்குள்ள இப்ப ஏதோ ஒண்டு சீனியைத் திண்டுகொண்டு இருக்கும். மணந்து பாருங்கோ.

பாக்கிறதுக்கு முதல் ஒண்டு. சிலிண்டரைப் பூட்டிப்போட்டு ரெகுலேட்டரை கெக்கோட அப்பிடியே ஒரு இரவு விடுங்கோ. விடியப் பாக்கேக்க கெக் பக்க மீற்றர் ஊசி இறங்கியிருந்தா லீக். அதே இடத்தில நிண்டா பரவாயில்லை. ஏறியிருந்தா, உள்ளுக்கு நொதிக்குது. மூடியில வளையம் போட்ட சின்ன வால்வு இருக்கும், அதை இழுத்து காஸ் முழுக்க வெளியால விட்டுப்போட்டுத்தான் மூடியில கை வையுங்கோ, அவசரப்பட்டு நெம்ப வேண்டாம்.

அடுத்தமுறைக்கு: இஞ்சியை அரைச்சா வேட்டித்துணியில ரெண்டு தரம் வடியுங்கோ, கண்ணுக்குத் தெரியாத நார் கூடப் போகவேணும். எனக்கு ஒருக்கா டப்பில ஒண்டும் வராமல் நிண்டுபோய், போஸ்ட்டைக் கழட்டிப் பாத்தா உள்ள இருக்கிற சின்ன ஸ்பிரிங் முள்ளில தலைமயிர் மாதிரி ஒரே ஒரு இஞ்சி நார் சுத்திக்கொண்டு கிடந்தது, அவ்வளவும்தான் 19 லீற்றரையும் மறிச்சு வச்சிருந்தது. நாரும் சக்கையும் இருந்தா நுரையும் கூட, ஒவ்வொரு துணுக்கிலயும் குமிழி பிறக்கும். புளியையும் சேர்த்து ஒரு கொதி காட்டி, பிரிட்ஜில குளிராக்கிப்போட்டு, கழுவித் தொற்றுநீக்கின கெக்ல குளிராவே விடுங்கோ. கெக் ஒருநாளும் அறைச் சூட்டுக்கு வரக்கூடாது.

இஞ்சிமுரப்பா (வெள்ளவத்தை)

அக்கா, நீங்கள் சாத்திரம் பாக்கிறனீங்களோ!

பூட்டிப்போட்டு விட்டன், இரவு 12ல நிண்ட ஊசி விடிய 18ல நிண்டது. வால்வை இழுத்து காஸ் விட்டன், ஒரு நிமிசத்துக்கு மேல சீறினது. மூடியைத் திறக்க அம்மா குசினிக்க இருந்து கேக்கிறா, ஆர் வீட்டுக்குள்ள கள்ளு கொண்டுவந்தது எண்டு. ஓம், புளி பச்சையாத்தான் பிழிஞ்சு விட்டனான், கெக்கும் சுடுதண்ணியில மட்டுந்தான் கழுவினது. முதல் வரியில எக்சைஸ் பகிடி வேண்டாம் எண்டு எழுதினதை வாபஸ் வாங்கிறன். 17 லீற்றரும் வடிகானுக்குள்ள போட்டுது, ஒண்டரைக் கிலோ இஞ்சி, நினைக்க வயிறு எரியுது.

ஸ்காபரோ அண்ணை, 1.1 எண்ட கணக்கைப் பாத்தாப் பிறகுதான் விசயம் விளங்கினது. கூலிங்மேன் அண்ணை, என்ர ட்யூப் நீளம் சொல்லவே வெக்கமாக் கிடக்கு, ஒண்டரை அடி.

இப்ப பிரச்சினை பிரிட்ஜ். கெக்கின்ட உயரம் 63 சென்ரிமீற்றர், அகலம் 22. வீட்டுப் பிரிட்ஜில தட்டு ரெண்டு கழட்டினா நிக்கும், ஆனா அம்மா மீன் எங்க வைக்கிறது எண்டு கேக்கிறா, அந்தக் கேள்விக்கு என்னட்ட பதில் இல்லை. பழைய பிரிட்ஜ் ஒண்டு வாங்கவா? அதோட ரெண்டு கிழமை பொறுக்காமல் கெதியா ஏத்த வழி இருக்கா?

கொட்டாஞ்சேனை கூலிங்மேன்

பழைய ஒரு கதவு பிரிட்ஜ் வாங்குறதா இருந்தா டேப் எடுத்துக்கிட்டுப் போங்க, தட்டுக் கழட்டினா இடம் இருக்குன்னு வெளியில இருந்து பாத்து நம்பாதீங்க. கம்ப்ரஸர் பின்னாடி கீழ இருக்கும், அதுக்காக உள்ள ஒரு படி மாதிரி முன்னுக்குத் தள்ளிக்கிட்டு நிக்கும், கெக்க நிமித்தி வச்சா கதவு மூடாது. அந்தத் தலையிடிக்கு மேல தூக்கித் திறக்கிற டீப் ப்ரீஸர் நல்லது. ஐஸ்கிறீம் வச்சிருந்த பெட்டி, மேல கண்ணாடி வெடிச்சதுன்னு சும்மா விக்கிறவங்க இருக்காங்க. அதுக்கு வெளியில ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட் (குளிரப் பாத்து கரண்ட நிப்பாட்டுற சாமான்) மாட்டி 3, 4 டிகிரில நிப்பாட்டிடலாம், இல்லாட்டி கெக் கல்லாயிடும். குளிர் கீழதான் தங்கும், மூடி திறந்தாலும் கொட்டிப் போகாது. 2022ல நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாள்லகூட என்னோட பெட்டிக்குள்ள சாமான் குளிராத்தான் இருந்திச்சி.

ஒண்ணு மட்டும், காஸ் லைன் விடறதுக்குப் பக்கச் சுவத்துல ஓட்ட போட்டுடாதீங்க, அந்தச் சுவத்துக்குள்ளதான் குழாய் ஓடும், ஒரு துளை போட்டீங்கன்னா பெட்டி செத்திச்சி. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல பலகைச் சட்டம் ஒண்ணு வச்சி அதுல ஓட்ட போடுங்க. அப்புறம் சிலிண்டர் லீக்கானா காஸ் தரையோட தங்கும், காத்தவிட பாரம், ஒரு கிலோவே ஐந்நூறு லீற்றருக்கு மேல விரியும். ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம்ல வச்சிட்டு அங்கேயே யாரயும் படுக்க விடாதீங்க.

ஸ்காபரோ சித்தப்பா

கெதியா வேணுமெண்டா இப்பிடிச் செய்யும். கெக் முழுக்கக் குளிராகின பிறகு, வெளித்தோல் குளிர்ந்தா காணாது உள்ளுக்கும் குளிரவேணும், அதுக்கு ஒரு முழுநாள் குடும், 30 பிஎஸ்ஐ ஏத்தி 36 மணித்தியாலம் விடும். பிறகு சிலிண்டரைப் பூட்டி, வால்வை இழுத்து மேல நிக்கிற காஸை விட்டுப்போட்டு, 22ல வச்சு ஒரு கிளாஸ் குடிச்சுப் பாரும். காணாட்டி இன்னொரு நாள் 30. ஆனா அதை மறந்து கிழமைக்கணக்கா 30ல விட்டீரெண்டா 4 வொலியூமைத் தாண்டிப்போடும், பிறகு டப்பால வெறும் நுரைதான்.

கெக்கை மடியில போட்டுக் குலுக்கிற ஆக்களும் இருக்கினம். பத்து நிமிசத்தில ஏறும் எண்டது உண்மைதான், நானும் செய்திருக்கிறன், ஆனா எவ்வளவு ஏறினது எண்டு கணக்கு இல்லாமல் போகும், ரெகுலேட்டரில திரும்பி வராத வால்வு இல்லாட்டி சீனித்தண்ணி ட்யூபால ஏறி ரெகுலேட்டருக்குள்ள போய் ஒட்டிப்பிடிச்சுப்போடும். உம்மட ஊசி 18க்கு ஏறினது எண்டதால சொல்லுறன், உம்மடதில அந்த வால்வு இல்லை. முதல் அதை ஒண்டு வாங்கும்.

இஞ்சிமுரப்பா (வெள்ளவத்தை)

மூண்டு கிழமைக்குப் பிறகு வந்து எழுதுறன். கண்ணாடி உடைஞ்ச ஐஸ்கிறீம் பெட்டி ஒண்டு கிடைச்சது, மேல பலகை போட்டு மூடி, தெர்மோஸ்டாட் பூட்டி, 4 டிகிரி. ஓ-ரிங் எல்லாம் புதுசு. இஞ்சியை கமலாக்கா சொன்னமாதிரி ரெண்டு தரம் வடிச்சன், அப்பான்ட பழைய வேட்டி ஒண்டு அதுக்குப் பலி. 30ல ஒண்டரை நாள், பிறகு 22.

நேற்று அக்கான்ட மகள்தான் முதல் கிளாஸ். கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோன உடன தும்மினாள், பிறகு குடிச்சாள், பிறகு இன்னும் கொஞ்சம் எண்டு கிளாஸை நீட்டினாள். அம்மா குடிச்சுப்போட்டு ஒண்டும் சொல்லேல்லை, ஆனா ரெண்டாந்தரம் தானே போய் விட்டுக்கொண்டு வந்தா. அரிசிக்கதை நேற்றுச் சொல்லேல்லை.

கிளாஸில கால்வாசிக்கு இன்னும் நுரை வருது. ட்யூப் அஞ்சு மீற்றர் போட்டிருக்கிறன்.

கொட்டாஞ்சேனை கூலிங்மேன்

ஆறு ஏழுன்னு சொன்னா அஞ்சு போடுறது. இன்னும் ஒண்டரை மீற்றர் சேர்த்துப் பாருங்க. கிளாஸயும் பெட்டிக்குள்ள போட்டுக் குளிர வைங்க. டப்ப பாதியில பிடிச்சிக்கிட்டு நிக்காம ஒரே இழுப்புல முழுசாத் திறங்க, அதுல பாதி நுரை போயிடும்.